நீ நின்று பேசிய இடம்

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதையே வழக்கமாக வைத்திருந்த என் அண்ணாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை மணி எட்டாகப் போகிறது. பதினான்கு வருடமாக இந்த நேரத்துக்குத்தான் உன் போன் வரும். உனக்கு அங்கே சனிக்கிழமை மதியம். இனி வராது என்று தெரிந்தும் போனைச் சமையல் மேடையில் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இவர் பையனைக் கிரிக்கெட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்.

உன் ஊருக்குப் போய் வந்துவிட்டேன் அண்ணா. நீ இருந்தவரை சஸ்கட்டூனை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. முதலில் விசா இல்லை, அப்புறம் லீவு இல்லை, அப்புறம் வீட்டு மார்ட்கேஜ். நீ போனதும் எல்லாம் கிடைத்தது. அதுவும் உடனே கிடைத்துவிடவில்லை. என் இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வர ஆறு வாரம் ஆயிற்று.

அந்த ஆறு வாரமும் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. தினமும் ஆக்லாந்தின் தெற்குக் கோடியில் இருக்கும் தகனினி வீட்டிலிருந்து வடக்குக் கோடியில் ஆல்பனி ஆபீசுக்குப் போவேன். மோட்டார்வேயில் முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. அசையாமல் நிற்கும் அந்தக் காருக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டு, ஆபீஸ் கார் பார்க்கில் முகம் துடைத்துக்கொண்டு இறங்குவேன். உன் தகனத்தை அண்ணி வீடியோவில் காட்டினார். நான் ஸ்கிரீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

நான் அங்கே வந்தது துக்கம் கேட்க மட்டும் இல்லை. உன்னை அங்கிருந்து கூட்டி வருவதற்கு. உன் முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? "சுமதி, நான் இங்க செத்துட்டாகூட என்னை இந்த ஐஸுக்குள்ள விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாய். "கண்டதையும் பேசாத. அப்படி ஏதாவதுன்னா நானே வந்து தூக்கிட்டு வந்துடுவேன்" என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகும் வருடா வருடம் நீ அந்தப் பாட்டைத்தானே பாடினாய்? ஃப்ரீசருக்குள் இருக்கிறேன், ஜெயில் மாதிரி இருக்கிறது, வெளியே தலை காட்ட முடியவில்லை என்று. கடைசியில் வீட்டு வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன்னைக் கொன்ற ஊரில் உன்னை எப்படி விட்டு வைப்பேன்? அம்மாவையும் அப்பாவையும் கரைத்த காவேரியிலேயே உன்னையும் கரைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

உன் ஊரைப் பற்றிச் சொல்லட்டுமா? மேலிருந்து பார்த்தபோது வெள்ளைத் தாளில் கோடு போட்ட மாதிரி இருந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு குன்று இல்லை. எங்கள் ஆக்லாந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலையோ கடலோ கண்ணை மறித்துக்கொண்டு நிற்கும். அங்கே எதுவுமே மறிக்கவில்லை. அத்தனை வெயில் வேறு. 'வெளியில நல்ல வெயில்' என்று நீ சொல்லும்போதெல்லாம் புளுகுகிறாய் என்று நினைப்பேன், மன்னித்துவிடு. விமான நிலையத்தின் கதவைத் தாண்டியதும் மூக்குக்குள் இருந்த ஈரம் முள்ளாகிக் குத்தியது. மைனஸ் முப்பத்து நாலு. இருமினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, இமைகள் ஒட்டிக்கொண்டன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தடுப்பே இல்லாத ஊரில் பத்தடி நடக்க முடியவில்லை. இதைவிடப் பெரிய ஜெயில் எங்கே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்களுக்கெல்லாம் முன்னாலிருந்து ஒரு ஒயரும் பிளக்கும் தொங்கிக்கொண்டிருந்தன. பரவாயில்லையே, எல்லாரும் எலக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார்களே என்று அண்ணியிடம் சொன்னேன். இன்ஜின் உறையாமல் இருக்க ராத்திரி முழுக்கக் கரண்டில் மாட்டி வைப்பார்களாம். எனக்கு அந்தக் கார்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவையும் என்னைப் போலத்தான் கட்டுண்டு கிடந்தன.

உன்னை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? ஆறு உறைந்து கிடப்பதால் அண்ணியால் உன்னைக் கரைக்க முடியவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, கராஜில் வைத்திருக்கிறார். அப்பாவுக்குக் குளிருமே என்று இனியா சாப்பிடாமல் அழுதிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சாஸ்திரம் பேச முடியுமா? திரும்ப உள்ளே கொண்டுவந்து, வாசல் அலமாரியில் உங்கள் மூன்று பேரின் குளிர் கோட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். அலமாரியைத் திறந்தபோது உன் கோட்டின் கை உன் மேல் விழுந்து கிடந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எடுத்துப் போகிறேன் என்று சொன்னபோது அண்ணி மறுக்கவில்லை. "அவர் உன்கிட்ட அப்படிச் சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். இனியா என் பக்கத்தில் வரவே இல்லை. அஸ்தியை விமானத்தில் கொண்டுவரத் தகனச் சான்றிதழின் அசல் வேண்டும். தகனம் செய்தவர்களின் ஆபீசில் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஞாயிறு காலையில் எனக்கு விமானம்.

சனிக்கிழமை பார்த்து ஒரு கூத்து நடந்தது. அண்ணி விமான நிலையத்துக்கே எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். முதல் இரண்டு நாளும் அவர்தான் அதை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. நம் வீடுகளில் செருப்பை எங்கே விடுவோம்? வெளியேதானே? தகனினியில் எங்கள் வாசலைப் பார்த்தாலே வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வாசற்படியில் பூட்ஸைக் கழற்றி, ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தேன். விடிவதற்குள் முழங்கால் அளவு பனி. அண்ணி முதியோர் இல்லத்து வேலைக்குக் காரை எடுத்துக்கொண்டு கராஜ் வழியாகப் போயிருந்தார். இனியாதான் சின்ன மண்வாரியால் தோண்டி பூட்ஸை வெளியே எடுத்தாள். இரண்டும் கல்லாகியிருந்தன. ஒன்றில் ஒன்றைத் தட்டினால் டொக் டொக் என்றது.

ஹீட்டர் துவாரத்துக்கு மேல் வைத்தோம். சாயங்காலம்வரை ஆகும் என்றாள். மணி பதினொன்று. பஸ் போகிறதா என்று தெரியவில்லை, டாக்சி ஒன்றரை மணி நேரம் என்றது. வாசலுக்கு ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு. நான் அந்த இரண்டுக்கும் நடுவில் சாக்ஸோடு நின்று கண்ணாடி வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடம் நீ சொன்னது இதைத்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்போதுதான் இனியா அலமாரியைத் திறந்து உன் பூட்ஸை எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும் என்றாள். அவள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். ஆபீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடந்தே போகலாம், தனக்கு வழி தெரியும் என்றாள். உன் பூட்ஸில் கால் விட்டேன் அண்ணா. என் காலுக்குப் படகுதான். ஆனால் குளிரவே இல்லை.

பாலத்துக்கு முன்னால் அவள் இடது பக்கம் திரும்பிக் கீழே இறங்கினாள். இது வழியா என்றேன். அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு பெஞ்ச். ஆறு முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்க, அந்த இடத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மின் நிலையத்திலிருந்து வெந்நீர் விழுகிறதாம், அதனால் அந்த இடம் எந்தக் குளிரிலும் உறையாதாம், ஆனால் ஓரத்து ஐஸ் உடையும் என்று கோடைவரை யாரும் கிட்டே போகக் கூடாதாம். ஆவி பறக்கும் தண்ணீரில் வாத்துகள், கொள்ளை வாத்துகள். நேரமாகிறதே என்று மேப் பார்க்கப் போனை எடுத்தேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்த போன் என் கையிலேயே அணைந்துபோனது.

"அப்பா போனும் இங்க வந்தா இப்படித்தான் செத்துடும்" என்றாள் இனியா. குளிருக்கு பேட்டரி தாங்காதாம். சனிக்கிழமை தவறாமல் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவாயாம். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று எனக்குப் போன் போடுவாயாம். போன் அணைந்ததும், அத்தை போயாச்சு என்று சொல்லி அதைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, ரொம்ப நேரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாயாம்.

பின்னால் என்ன சத்தம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! டிவி என்றாயே! 'போனை மாத்தித் தொலையேன், பேசும்போதே அறுந்துபோகுது' என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! வெளியே தலை காட்ட முடியவில்லை என்று நீ என்னிடம் புலம்பியதெல்லாம், வெளியே, அந்த வெயிலில், அந்த வாத்துகளுக்கு முன்னால் நின்றுகொண்டா?

வீட்டுக்குள்ளேயே பேசியிருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன். "அப்பாவுக்கு இந்த இடம்தான் பிடிக்கும்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்தப் பேப்பரை வாங்கினா அப்பா உங்க பிளேன்ல போயிடுவாரா?"

மணி ஒன்றுகூட ஆகியிருக்காது. பாலத்தைத் தாண்டினால் இருபது நிமிடம். நான் போகவில்லை. மனசு இளகித்தான் திரும்பினேன் என்று நினைக்காதே. எனக்கு உன் மேல் கோபம். நீ ஏன் என்னை ஏமாற்றினாய் என்று தெரியாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்ததும் சண்டைக்காரி மாதிரிதான் கேட்டேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார். "முதல் ரெண்டு வருஷம் நிஜமாவே கஷ்டப்பட்டார் சுமதி. அப்புறம் இந்த ஊர் அவருக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா நீ அங்க வேலை போய், விசா முடியப் போகுதுன்னு அழுதுக்கிட்டே பேசுவ. நான்தான் கேட்டேன், ஏங்க அவகிட்ட இப்படிப் புளுகுறீங்கன்னு. 'நானும் மாட்டிக்கிட்டிருக்கேன்னு சொன்னாத்தான் அவளுக்குத் தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காது. கூட ஒரு ஆள் உள்ள இருக்கட்டும்'னு சொன்னார்."

எனக்கு வேலை கிடைத்தது, இங்கேயே தங்க ரெசிடென்ஸ் கிடைத்தது, வீடு வாங்கினேன். நான் புலம்பலை நிறுத்தவில்லை. அதனால் நீயும் நிறுத்தவில்லை. அப்படித்தானே அண்ணா? பன்னிரண்டு வருடம் எனக்குத் துணையாக ஒரு பொய் ஜெயிலில் உட்கார்ந்திருந்தாயா?

"அப்ப எடுத்துட்டுப் போகலையா?" என்றார் அண்ணி. ஐஸ் உருகட்டும் என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீ போன பிறகு இனியாவுக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவையாம். உன் கோட்டின் கையை உன் மேல் சரியாகப் போர்த்திவிட்டு அலமாரிக் கதவை நானே சாத்தினேன்.

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. லீவு முழுவதும் தீர்ந்துவிட்டது. மறுபடி அதே மோட்டார்வே, அதே லாரி. நீயும் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் இதைத் தாங்கினேன் போலிருக்கிறது. இப்போது பார்த்தால் உள்ளே நான் மட்டும் இருக்கிறேன். யாரிடம் சொல்வேன்?

இரு, போன் அடிக்கிறது.

இனியா. இத்தனை நாளில் அவளாக என்னைக் கூப்பிட்டதே இல்லை. அதுவும் தமிழில், தட்டுத் தடுமாறிப் பேசினாள். "அத்தை, இங்க ரொம்பக் குளிர். வெளிய போகவே முடியல. ஜெயில் மாதிரி இருக்கு." பின்னால் வாத்துச் சத்தம் கேட்டது அண்ணா. காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன், சந்தேகமே இல்லை, வாத்துதான். சனிக்கிழமை தோறும் உன் பக்கத்தில் நின்று கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது.

ஆமாடி, இங்கேயும் அப்படித்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன். "வாத்து எத்தனை நிக்குது? எண்ணிச் சொல்லு" என்றேன். சிரித்தாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று சொன்னாள், அதோடு லைன் அறுந்தது.

ஐஸ் உடைந்ததும் வருகிறேன். சம்பளமில்லா லீவு போட்டாவது வருவேன், பூட்ஸை வீட்டுக்குள் கழற்றுவேன், அந்தக் கறுப்புத் தண்ணீரில் நாங்கள் மூன்று பேருமாக உன்னை விடுவோம். அதுவரை ஞாயிறு எட்டு மணிக்கு இந்தப் போனை நான் எடுப்பேன். மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் எனக்குத் துணையாக உன் பெண்ணை மட்டும் உள்ளே உட்கார வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பூட்ஸில் நடந்து பார்த்த,
உன் தங்கச்சி,
சுமதி
தகனினி, ஆக்லாந்து