யாளியின் தாடை

மே 4, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மதியம் மழை. குடை அலுவலகத்தில்.

செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகம் இரண்டு. தையற்கடையில் ரவிக்கை. ரைஸ் குக்கர், மெத்தை, மின்விசிறி யாருக்கு?

பாசிர் ரிஸில் மாறன் வீட்டில் வழக்கமான ஞாயிறு ஆட்டம். சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது, இந்த ஊரில் தங்கும் அனுமதி முடிகிறது, 18ஆம் தேதி சாயங்காலம் திருச்சி விமானம். வசந்தி கட்டிப்பிடித்தாள். ஃபைசல், "அக்கா, நீங்க இல்லாம எப்படிலா?" என்றான். மாறன் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் போட்டார்.

கோப்பை காலியாவதற்குள் ஃபைசல்: "அப்போ கொற்றி கொன்ன யாளியோட தாடை யாருக்கு?"

ஆட்டத்தில் கொற்றி நான்தான். நாற்பதை நெருங்குகிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, இல்லாத காட்டில் இல்லாத மிருகங்களைக் கொல்கிறோம் என்று அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போவதாகத்தான் கணக்கு. மாறன் கதையை நடத்துவார். நாங்கள் மூன்று பேரும் வேட்டைக்காரர்கள். நான் ஈட்டிக்காரி.

மற்ற மேசைகளில் மிருகம் செத்தால் பொற்காசு கிடைக்குமாம். மாறனுக்குப் பிடிக்காது. "யாளி எதுக்குலா காசு வச்சிருக்கும்? அதுக்கென்ன பாக்கெட்டா இருக்கு?" அதனால் எங்கள் புதையல் எல்லாம் பல், கொம்பு, தோல். அதையும் சும்மா காட்டினால் செல்லாது. கொன்றவர் தன் வாயால் கொன்ற கதையைச் சொல்ல வேண்டும். கதைக்குத்தான் மதிப்பு. இல்லையென்றால் அது வெறும் எலும்பு.

மே 6, செவ்வாய்

என் வேலைக்கு வரப்போகிறவளுக்கு எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். சிரித்த முகத்தோடு. சொல்லிக்கொடுத்தேன். நல்ல பெண்தான். எரிச்சல்.

மதியம் சாப்பிடப் பிடிக்காமல் யாளியை நினைத்துக்கொண்டிருந்தேன். போன செப்டம்பர். வசந்தி மகனின் டியூஷனுக்கு ஓடிவிட்டாள், ஃபைசலுக்கு ஷிப்ட். ஆட்டத்தில் அவர்களுடைய வேட்டைக்காரர்கள் படகில் பதுங்கியிருப்பதாக வைத்துக்கொண்டோம். மேசையில் மாறனும் நானும் மட்டும். சதுப்பில் யாளி வாயைத் திறந்தது. கொற்றி ஓடவில்லை. வாய்க்குள்ளே போய், முறிந்த ஈட்டியை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் நட்டுவைத்தாள்.

"வாய மூடினா அது சாகும். நீயும் சாகலாம். பதினெட்டுக்குக் குறையாம விழணும்," என்றார் மாறன்.

இருபது முகப் பகடை. பத்தொன்பது.

நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினார். ஏழு வருடத்தில் இந்த ஊரில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

மே 11, ஞாயிறு

வெயில். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே போனேன்.

கொற்றி தாடையை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குத் திரும்பட்டும் என்று கேட்டேன். ஆட்டத்தில்தான். அவள் வீட்டு வாசலில் அது கிடக்கட்டும். இவ்வளவுதான் என் ஆசை.

மாறன்: "ரெண்டு பேர் தூக்கற பாரம்மா அது. குழு சம்மதிக்கணும்."

ஃபைசல்: "அக்கா, சாரி. ஆனா தாடைய குடுத்தாதான் துறைமுகத் தலைவன் கப்பல் தருவான். நாம இத்தன மாசமா கப்பலுக்குத்தானே விளையாடறோம்."

நாம். கப்பல் ஏறும்போது அந்த நாமில் நான் இருக்க மாட்டேன்.

தாடையைக் கப்பலுக்குக் கொடுக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் மாறன். ஃபைசல் உடனே தூக்கினான். வசந்தி போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்புறம் தூக்கினாள்.

"நீ எப்படியும் போறல்ல, கீதா," என்றாள்.

சிரித்தேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இல்லாத மிருகத்தின் இல்லாத எலும்புக்கு. இந்த வசந்திக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் மூன்று நாள் கஞ்சி கொண்டுபோனேன். அதையெல்லாம் இப்போது எழுதுவது அசிங்கம். ஆனாலும் எழுதுகிறேன்.

கதையை யார் சொல்வது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மே 14, புதன்

ரவிக்கை கிடைத்தது. கை இறுக்கம். இனி யாரிடம் கொடுத்துப் பிரிக்க?

மெத்தை கீழ்வீட்டுக்காரருக்கு. வசந்தி வந்து குக்கரையும் மின்விசிறியையும் எடுத்துக்கொண்டாள். "யூஸ் ஆகும்லா." சுவர்க் கண்ணாடியையும் ஒரு தடவை பார்த்தாள். தரவில்லை.

தேக்கா சந்தையில் மீன் வாங்கும் இடத்தில் எனக்கு முன்னால் நின்ற அம்மா பக்கத்திலிருந்தவரிடம்: "ரூம் காலியாகுது. அடுத்த ஆள் ரெடி, அட்வான்ஸ் குடுத்தாச்சு." என் அறையாக இருக்காது. ஆனாலும் மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

சாங்கி விமான நிலையம். நல்ல மழை, விமானம் நாற்பது நிமிடம் தாமதம்.

வழியனுப்ப யாரும் வரவில்லை. ஞாயிறு, ஆட்டம் இருக்கிறது. வசந்தி "டிரை பண்றேன்லா" என்றிருந்தாள். காலையில் போனில் எங்கள் ஆட்டக் குழுவில் 'கிளம்புகிறேன்' என்று போட்டேன். மாறன், "பத்திரமா போம்மா" என்றார். மற்ற இருவரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஐந்து மணிக்குப் போனில் வசந்தியின் குரல் பதிவு: "கீதா, போர்டிங் ஆயிடுச்சா? துறைமுகத் தலைவன் கதை கேக்கறான். நாங்க சொன்னா செல்லாதாம், கொன்னவதான் சொல்லணுமாம். மாறன் விடவே மாட்டேங்கறாரு. சீக்கிரம் ஒரு வாய்ஸ் போடேன், ப்ளீஸ்."

வரிசையை விட்டு ஓரமாக வந்தேன். போனை வாயருகே வைத்துக் கொற்றியாகப் பேசினேன். "நான் போறப்பவே அது செத்துக் கிடந்துச்சு. கிழட்டு யாளி. ஈ மொச்சிக்கிட்டிருந்துச்சு. தாடைய அறுத்து எடுத்துட்டு வந்தேன். அவ்ளோதான்."

அனுப்பிவிட்டேன். அந்தப் பத்தொன்பதை நானே கொன்றுவிட்டேன்.

நாலு நிமிடம் கழித்து மாறன் எழுதினார்: "நானும் அங்கதான் இருந்தேன், கீதா. ஆனா கொன்னவ சொன்னதுதான் கதை. தலைவன் தாடைய திருப்பிக் குடுத்துட்டான். கப்பல் இல்ல."

அதன் கீழே வசந்தி. ஒன்றல்ல, வரிசையாக ஆறு அழுகிற முகம்.