இரண்டு பூட்டுப் போட்ட புகைக்குடில்

கரவெட்டி,
ஆவணி 1993

அன்புள்ள மகன் குகதாசனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறபடி சுகமாக இருக்கிறோம். நீ எங்களிலும் நன்றாக இருக்க வேண்டுமென்று அம்மா சந்நிதி முருகனைக் கும்பிடுகிறார். தாள் தட்டுப்பாடு என்பதால் எழுதப்போவதை முதலிலேயே ஒழுங்குபடுத்துகிறேன்.

1. வீட்டுப் புதினம்.
2. கூட்டாளி ஏன் சொல் மாறுகிறான் என்று நீ கேட்டதற்குப் பதில்.
3. தேவராசாவின் பூட்டு.
4. செல்வநாயகத்தோடு நீ ரொறன்ரோவில் கடை போடுவதா, விடுவதா என்பது.

சவர்க்காரம் கிடைக்காததால் அம்மா பனங்காயில் உடுப்புத் தோய்க்கிறார், மற்றப்படி குறையில்லை. நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம் மூன்று, சரியோ தெரியாது. ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியாமல் இருப்பது முதலாவது. வவுனியாவில் புகையிலை என்ன விலைக்குப் போகிறதென்று என் புகையிலைக் கூட்டாளி தேவராசா சொன்னால்தான் எனக்குத் தெரியும். திருப்பி எடுக்க முடியாததைப் போட்டவன் மற்றவனிடம் மாட்டிக்கொள்வது இரண்டாவது; காணியும் புகையிலை போடுகிற குடிலும் என்னுடையவை, அவற்றைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது? நாளை முகம் பார்க்கத் தேவையில்லாதவன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டான் என்பது கடைசிக் காரணம். இதற்காகத்தான் குடிலுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டேன். குடிலுக்குள் குவித்து அடுக்கிய அவருடைய புகையிலைக் கும்பத்தை நான் புரட்டுவது, என்னுடையதை அவர் புரட்டுவது என்றும் வைத்தேன்; புரட்டாவிட்டால் இலை உள்ளே சூடேறி அழுகிவிடும், ஆகவே ஒருவரை ஒருவர் கைவிட முடியாது. தேவராசா சிரித்தார். மாஸ்டருக்கு என்னிலை நம்பிக்கையில்லை, நல்லது, எனக்கும் உங்களிலை இல்லை, வாங்கோ தேத்தண்ணி குடிப்பம் என்றார்.

ஆடியில் அவர் விலை பேசக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வவுனியாவுக்குப் போனபோது தன் பூட்டின் திறப்பையும் மடியில் முடிந்தபடியே போய்விட்டார். ஆளையும் காணவில்லை, குடிலையும் திறக்க முடியவில்லை. பிறகு ஒரு காலை பார்த்தால் என் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, அவருடையது திறந்து தொங்குகிறது. வந்துவிட்டாராக்கும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வரேல்லை மாஸ்டர், உங்களிட்டைத்தான் விசாரிக்க இருந்தனான் என்று அவர் மனைவி இரத்தினம்மா சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கேயோ ஒளித்திருந்து என்னைத் தனியே உள்ளே போகவிட்டு, பிறகு இலை குறையுது என்பாரோ? அவருடைய பூட்டை அமத்திப் பூட்டினேன். மறுநாளும் திறந்து கிடந்தது. அதற்கு மறுநாளும். திறந்து கிடக்கிற பூட்டுக்கு ஏனப்பா பயப்பிடுறியள் என்று அம்மா கேட்டார். நான் உள்ளே போகவில்லை.

இவ்வளவும் போன கிழமை எழுதியது. அதன் பிறகு கிளாலியிலிருந்து ஆள் வந்தது. தேவராசா ஏறிய வள்ளம் அவர் புறப்பட்ட அன்றைக்கே கடலில் தாண்டுபோய்விட்டதாம், ஒருவரும் கரை சேரவில்லையாம்.

இரத்தினம்மாவின் பங்காவது மிஞ்சட்டும் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் என் பூட்டைத் திறந்தேன். அதன் திறப்பு என் அரைஞாணை விட்டு ஒருநாளும் இறங்கியதில்லை. உள்ளே தேவராசாவின் கும்பம் கை வைக்க முடியாத சூட்டில் கறுத்து அழுகிக் கிடந்தது. பக்கத்தில் என் கும்பம் குளிர்ந்து, அடி மேலாகப் புரட்டி, காம்பு வெளியே பார்க்க அடுக்கியிருந்தது. அப்படி அடுக்குவது அவர் ஒருவர்தான். உங்கடையை ஆர் மாஸ்டர் புரட்டினது என்று இரத்தினம்மா கேட்டார். பிறகு, அவரின்ரையை நீங்கள் புரட்டேல்லையோ என்றார். நல்ல கும்பம் முழுவதையும் அவர் வீட்டில் இறக்கிவிட்டேன். அவர் வாங்கினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாவதற்கு வருகிறேன். செல்வநாயகம் எப்படிப்பட்டவன் என்று கேட்டிருந்தாய். அது எனக்குத் தெரியாது. அவனுடைய பங்கு வேலை உன் கையில் இருக்கும்போது நீ எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. சந்நிதியான் உன்னோடு துணைக்கு நிற்பான்.

நாளை முகம் பார்க்கத் தேவையில்லாதவனைப் பற்றி மேலே எழுதிய கடைசிக் காரணம் பிழை மகன். வேறு தாள் இல்லை. நீயே அதை வெட்டிவிட்டு வாசி.

உன் அப்பா,
மு. சண்முகநாதன்