கேப்டனோட குரல்

என் லைன் சூப்பர்வைசருக்கு,

நீ என்னை எல்லாத்துலயும் பிளாக் பண்ணிட்டதால, வாழ்க்கையில மொத தடவையா பேப்பர்ல எழுதுறேன். கிழிக்காம படிடி.

நான் பைத்தியமா கேக்குற விண்வெளி ஆடியோ நாடகம் இருக்குல்ல, அதை நாலு பேர் சேர்ந்து சொந்தமா நடத்துறாங்க. புதுக் கதையில விண்கப்பல் கேப்டனா பேச ஒரு பொண்ணு குரல் கேட்டாங்க. முப்பது தடவை பேசிப் பாத்து அனுப்புனேன். அவசரத்துல ஃபைல் மாறிடுச்சு. போனது, உன் நிச்சயதார்த்தத்தன்னைக்கு நீ எனக்கு அனுப்புன வாய்ஸ் நோட்டு!

“இன்னா நெனச்சிட்டு இருக்கே? உனக்காக மொத்த பேரும் நிக்குறாங்க. அஞ்சு நிமிஷத்துல ஏறலைன்னா விட்டுட்டுப் போய்ட்டே இருப்பேன்!”

உடனே பதில் வந்துச்சு: “யாருங்க இவங்க? இவங்கதான் எங்க கேப்டன்!” ஷூ கம்பெனியில அத்தனை மெஷின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகுன தொண்டையாச்சே! அப்புறம் என்னோடதையும் அனுப்புனேன். ஒரு ஸ்மைலிதான் வந்துச்சு.

உன்னைக் கேக்காம நான் சரின்னு சொல்லலை.

அன்னைக்கு எபிசோட் முடிஞ்சு ஹெட்போனைக் கழட்டுனப்போ நீங்க எல்லாரும் ஏறுன வேன் போய்டுச்சு. பஸ்ஸைப் பிடிச்சு பேரணாம்பட்டு வந்தேன். மண்டபத்துல சேரை அடுக்கிட்டு இருந்தாங்க. மோதிரம் போடுறப்பவும் நீ வாசலையே பாத்தேன்னு உங்கம்மா சொன்னாங்க.

கேப்டனா பேச முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லு. திட்டணும்னா நல்லா திட்டு. ஆனா வாய்ஸ் நோட்டா அனுப்புடி.

இப்படிக்கு,
வேனை விட்டவ