இரண்டு அறைகளுக்கு நடுவே

என்னங்க,

விவாகரத்துக்கு வருகிறவர்களை ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்து, இங்கே சொன்னதைச் சூடு தணித்து அங்கே போய்ச் சொல்வதுதான் இருபது வருஷமாக என் வேலை. இன்று பள்ளி விட்டு என் ஆபீசுக்கு வந்த நம் மகள் அதை வேடிக்கை பார்த்தாள்.

"வீட்டுல நானும் இதைத்தானேம்மா பண்றேன்?"

நாம் பேசிக்கொள்ளாத இந்த இரண்டு வருஷமும் தினமும் என் அறை வாசலில் வந்து, "அப்பா உன்னைச் சாப்பிடச் சொன்னாரு" என்பாள். அது நீங்கள் சொன்னதே இல்லையாம்.

அதை நம்பித்தான் பெட்டியைக் கட்டாமல் இருந்தேன். இனி கட்டினால், தன்னால்தான் என்று நினைப்பாள். இருந்தால், நாளையும் வந்து அதையே சொல்வாள்.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. உங்கள் கதவுக்கு அடியில் நானே தள்ளுகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்களும் போகாமல் இருக்கிறீர்களே, நான் சொன்னதாக உங்களிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறாள்?

இப்படிக்கு,
பக்கத்து அறை