கால் குளிர்கிறதாம்

மார்கழி 8, திங்கள்
வாடைக்காற்று. எங்கள் நெடுந்தீவுக்குப் படகு வரவில்லை. மரக்கறி தீர்ந்துவிட்டது. இன்றும் சம்பல்.
பின்னேரம் சுகந்தி அக்கா வீட்டில் இங்கிலீஷ் வகுப்பு. லண்டன் விசா சோதனைக்காக. உடம்பை வைத்துச் சொல்லும் சொற்றொடர்கள். காலை இழுத்தால் இங்கிலீஷ்காரருக்குப் பகிடி, விளையாட்டுக் கேலியாம். நமக்குக் காலை வாரினால் துரோகம். 'கழுத்து நோவு' என்றால் தொல்லை பிடித்த ஆள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.
எனக்கு நிச்சயித்த லண்டன் மாப்பிள்ளையின் தங்கை துளசியிடமிருந்து செய்தி. லண்டனில் பிறந்தவள், தமிழ் எழுத வராது. அண்ணாவுக்குக் 'கோல்ட் பீற்' என்று இங்கிலீஷில். குளிர்ந்த கால். பாவம், அங்கே பனிதானே. அம்மாவுக்குச் சொன்னேன்.
"காலுக்குத் தடிச்ச மேசு ரண்டு சோடி வாங்கி அனுப்புவம், பிள்ளை."

செவ்வாய்
காற்று விடவில்லை. சில நாளாக அவர் போன் எடுப்பதில்லை. வேலையாக இருக்கும்.
காலுறைக் கதையைச் சுகந்தி அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
"அது குளிரில்லையடி. கலியாணம் கிட்ட வர ஒருத்தர் பயந்து பின்னடிக்கிறதைத்தான் அப்பிடிச் சொல்லுறது."
"துளசி பகிடிக்கு எழுதியிருப்பாள், அக்கா. என்ரை காலை இழுக்கிறாள்."
அக்கா என் கையைப் பிடித்தாள்.
வீட்டில் அம்மா கலியாணப் பலகாரத்துக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தாள்.

புதன்
வீட்டில் சிக்னல் இல்லை. இறங்குதுறைக்கு நடந்துபோய் அவரை அழைத்தேன். எடுத்தார்.
"உங்களுக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமோ, இல்லையோ? தமிழிலை சொல்லுங்கோ."
"ஏலாது போல கிடக்கு. உம்மிலை ஒரு பிழையுமில்லை. அம்மாவுக்காகத்தான் ஓம் எண்டனான்."
கடல் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வைத்தேன். அதுதான் நோகிறது.
அழ இடமில்லை. துறையில் எல்லாரும் தெரிந்த முகம்.
"என்ன தங்கச்சி, மாப்பிள்ளையோ?" படகுக்கார அண்ணை.
ஓம் என்றேன்.

வியாழன்
அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை.
"தை பிறக்க மனம் மாறுவான். நீ வெளியிலை வாய் திறவாதை."
யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுக்காவது போகிறேன் என்றேன்.
"இப்ப கலியாணப் பொம்பிளை ஊரைவிட்டுப் போனால் சனம் என்ன கதைக்கும்?"
இங்கிலீஷ் புத்தகம் அலுமாரிக்குள்.

வெள்ளி
வெயில். காற்று விழுந்துவிட்டது. முதல் படகிலேயே பந்தல்காரர் வந்து இறங்கினார். அப்பா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. முற்றம் அளக்க நாடாவின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆள் தேவை. நான்தான் நின்றேன்.
"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியும், தங்கச்சி."
பிடித்தேன்.