சேகருக்குக் கட்டிய கொடிகள்

அக்கா,

அடுப்பில் மைதாப் பசை கொதித்துக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறக்கிறேன், பனி உள்ளே வருகிறது, மூடுகிறேன். மறுபடி திறக்கிறேன். நேற்று மாலை கூடலூரிலிருந்து உங்கள் மகள் போன் செய்தாள். அம்மாவை எடுத்தாகிவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். முட்டிவலியோடு கோத்தகிரியிலிருந்து நான் அலைய வேண்டாம் என்றுதான் முன்பே சொல்லவில்லையாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் பாதி, உங்கள் மேல் பாதி. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போவது உங்களுக்கு இது முதல் தடவை இல்லையே.

இந்தப் பசை வாசனை எனக்கு ஒன்பதாம் வகுப்பு வாசனை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நீங்கள் தமிழும் நான் கணக்கும் எடுத்த நம் பள்ளிக்கூடம் கோத்தகிரி பஜாருக்கும் தேயிலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. பஜார்ப் பிள்ளைகள் மேலேயிருந்து இறங்கி வருவார்கள். கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு எஸ்டேட்டில் வேலை கிடைத்த சிலோன் குடும்பத்துப் பிள்ளைகள் கீழேயிருந்து ஏறி வருவார்கள். நடுவில் ஒரே ஒரு மைதானம். அது யாருக்கு என்பதுதான் சண்டை. பஜார் செட்டுக்குத் துணிக்கடைக்காரர் மகன் சலீம் தலைவன். சிலோன் செட்டுக்குத் தங்கராஜ். அந்த வருஷம் ஒரு பையனுக்குக் கல்லடி பட்டு மண்டையில் தையல் போட்டார்கள். அடுத்த தடவை கல் இல்லை, கவ்வாத்துக் கத்திதான் என்று சிலோன் பையன்கள் பேசிக்கொள்வது என் காதிலேயே விழுந்தது. தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அது இல்லாத வீடு கிடையாது.

அந்த நேரம் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு நூலகப் பீரியடில் ஒரு நாவலை எடுத்தீர்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மேட்டுத் தெருப் பையன்கள், அந்தப் பக்கம் பள்ளத் தெருப் பையன்கள். புத்தகம் முழுக்க அவர்கள் அடித்துக்கொள்வதும், அதற்குள்ளேயே முருகன் என்கிற பள்ளத் தெருப் பையனுக்கு மீசை முளைத்து விவரம் தெரிய வருவதும்தான் கதை. அன்றைக்கு இடைவேளையிலேயே உங்களிடம் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, வேற புஸ்தகமே கெடைக்கலீங்களா? இருக்கிற சண்டை பத்தாதுங்களா?"

"சண்டைன்னு ஒண்ணு இருக்கிறது அதுங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? குடி தங்கச்சி, தேத்தண்ணி ஆறுது."

நீங்களும் கப்பலில் வந்தவர். வேலையும் தற்காலிகம்தான். வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் ஒரு வார்த்தை எழுதினால்தான் அடுத்த வருஷம் உண்டு. அந்தப் பயம் உங்களுக்கு இருக்க வேண்டியது. எனக்கல்லவா இருந்தது!

புத்தகம் ஒன்றே ஒன்று. கதையை நீங்கள் வாசிப்பீர்கள், பேச்சுகளைப் பிள்ளைகள் எழுந்து வாசிக்க வேண்டும். "மேட்டுத் தெரு நாங்கதான் டீச்சர், நாங்கதான மேல இருக்கோம்" என்று சலீம் முதல் நாளே பிடித்துக்கொண்டான். மேட்டுத் தெருத் தலைவன் சேகரின் பேச்சு அவனுக்கு. முருகன் தங்கராஜுக்கு. பக்கத்து அறையில் நான் சூத்திரம் எழுதிக்கொண்டிருப்பேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் தொண்டை கிழியத் திட்டிக்கொள்வார்கள். புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துத் திட்டினால், "அச்சடிச்சத மட்டும் படிடா" என்று உங்கள் குரல் வரும். என் பிள்ளைகளுக்குக் கணக்கு எங்கே ஏறும்? அவர்களும் காதை அங்கேதான் வைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

பசை கெட்டியாகிவிட்டது. இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அத்தியாயம் வந்தது. பள்ளத் தெரு செட்டு சேகரைத் துரத்துகிறது. "வழி விடுங்கடா, நான் வீட்டுக்குப் போறேன்" என்கிறான் சேகர். அதுதான் அவன் கடைசிப் பேச்சு. யாரும் வழி விடவில்லை. தண்டவாளத்தைத் தாண்ட ஓடுகிறான், கூட்ஸ் வண்டி வந்துவிடுகிறது. அந்த வரியைச் சலீம் வாசித்ததும், மீதியை நீங்கள் வாசித்ததும் கேட்டது. நான் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தவள், எஸ்டேட் கேட்டிலிருந்து நம் பள்ளி வாசல் வரை மரத்துக்கு மரம் சணல் கட்டி, வெள்ளைக் காகிதக் கொடிகள் தொங்குவதைப் பார்த்தேன். என்னவென்று புரியவில்லை. கண்டக்டர்தான் சொன்னார்: "சிலோன்காரங்க சாவுக்குக் கட்டறதுங்க டீச்சர். பசங்க சண்டையில பஜார்ப் பையன் ஒருத்தன் போயிட்டானாமே?"

பஜார் முழுக்க அதே பேச்சு. போதாததற்கு, சலீம் விடியும் முன்பே வீட்டில் சொல்லாமல் கிளம்பியிருந்தான். அவன் அம்மா தலைவிரிகோலமாகப் பள்ளி வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். பின்னால் தடியோடு ஆட்கள். உள்ளே சிலோன் பையன்கள் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். ஒரு கை ஓங்கியிருந்தால் போதும் அக்கா, அன்றைக்கு லயங்கள் எரிந்திருக்கும். தலைமையாசிரியர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. நீங்கள் வந்தீர்கள், சலீமின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று இருட்டோடு வந்து உங்களுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறான், பாவி.

"செத்தது யாருங்க? சொல்லுங்க!" என்று ஒருவர் கத்தினார்.

"சேகரு."

"எந்தச் சேகரு? பஜாருல அப்படி யாருமே இல்லீங்களே?"

"கதையில வர்ற பையன். இந்தா, இவன்தான் அவன் பேச்சைப் படிச்சான்."

கூட்டம் ஒன்றும் விளங்காமல் நின்றது. சலீமின் அம்மா மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, அதே கையால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகுதான் தங்கராஜைப் பார்த்தார்.

"நீயாடா கொடி கட்டுன?"

"ஆமாங்க. எங்க லயத்துல யாரு செத்தாலும் ரோட்டுக்குக் கட்டுவோம்."

"அந்தப் பையன் உங்க ஆளு இல்லியேடா. உங்களுக்கு ஆகாதவன்தான?"

தங்கராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "செத்துட்டான்லங்க. அதுக்கப்புறம் என்னங்க?"

தடி வைத்திருந்தவர்கள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார்கள். ஒரு பெரியவர், "அந்தப் பையன் எப்படிங்க செத்தான்?" என்று உங்களிடம் மெதுவாகக் கேட்டார். நீங்களும் அங்கேயே நின்று அவருக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்! முதல் பீரியடில் என் முன்னால் பாதி ஒன்பதாம் வகுப்பு பசை காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தது. அறை முழுக்க இந்த வாசனை. நான் கணக்கே போடவில்லை.

தலைமையாசிரியர் அன்றே புத்தகத்தை வாங்கிப் பூட்டி வைத்தார். மத்தியானம் பெய்த மழையில் கொடிகள் கரைந்து ரோடெல்லாம் கூழாகக் கிடந்தது. வருஷக் கடைசியில் உங்களுக்கு நீட்டிப்பு வரவில்லை. மே மாத லீவு முடிந்து வந்தால் உங்கள் நாற்காலி காலி. கூடலூருக்குப் போய்விட்டார்கள் என்று பியூன் சொன்னார். ஒரு கதைப் புத்தகத்துக்காகச் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்வார்களா என்று எத்தனை நாள் மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா?

மைதானச் சண்டை நிற்கவில்லை. அடுத்த மாதமே பந்துக்காக மறுபடி உருண்டார்கள். ஆனால் கத்தி வரவில்லை. அது புத்தகத்தாலா, கொடியாலா, சும்மாவா? கணக்கு டீச்சர் நான், நிரூபிக்க முடியாததை எழுத மாட்டேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை, அதுதான் தொல்லை. பல வருஷம் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தபோது, "கடைசியில முருகன் என்னதான் ஆனான்?" என்று கேட்டேன். "வளந்துட்டான் தங்கச்சி" என்றீர்கள். "அவ்வளவுதானா?" என்றதற்கு, "அது லேசா?" என்று தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டீர்கள். முருகன் வளர்ந்து என்ன செய்வான், சேகரை மனசில் எங்கே வைத்துக்கொள்வான் என்று இத்தனை வயதில் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேள்வியும், தங்கராஜ் தரையைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையும்தான் நீங்கள் என்னிடம் விட்டுப்போனது.

கூடலூரில் உங்களுக்குக் கொடி கட்டினார்களா என்று உங்கள் மகளிடம் கேட்க வாய் வரவில்லை. அதனால்தான் இந்தப் பசை.

இப்போதுதான் வெளியே போய், என் வீட்டு கேட்டிலிருந்து விளக்குக் கம்பம் வரை கட்டிவிட்டு வந்தேன். பாதியிலேயே சலீம் வந்துவிட்டான். அவன் அப்பாவின் துணிக்கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். தாடியெல்லாம் நரைத்துவிட்டது, கடை திறக்கப் போகிறவன் என் கேட்டருகே நின்றுவிட்டான்.

"யாருங்க டீச்சர்?"

"உங்க தமிழ் டீச்சரப்பா."

சணலைக் கையில் வாங்கிப் பிடித்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"பேப்பர் நிக்காதுங்க டீச்சர், மழ வருது. அன்னைக்கு மழையில கொடி கரைஞ்சப்பவே கடையிலிருந்து துணி எடுத்தாந்து கட்டோணும்னு நெனச்சேனுங்க. அத்தா கல்லாவுல இருந்தாரு."

கடைச் சாவியைப் பையில் தேடிக்கொண்டே வேகமாக இறங்கிப் போயிருக்கிறான். நான் ஊசியும் வெள்ளை நூலும் எடுத்து வைத்துவிட்டேன். அவன் வரும்வரை என்னால் உட்கார முடியாது அக்கா.