கடற்கரை வீட்டில் நான் தையல்காரி

மே 9, வெள்ளி. கோவை, கணபதி

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது.

நாளை விடியலில் கிளம்ப வேண்டும். எடுத்து வைத்தவை: சிறுவாணித் தண்ணீர் இரண்டு கேன், வழியில் தின்ன வெல்லக் கச்சாயம் ஒரு தூக்கு, இவருடைய வேட்டி நான்கு, என் புதுச்சேலை ஒன்று, பழையது மூன்று. சீப்பு எடுக்க மறக்கக் கூடாது.

பட்டறையில் நாலு நாள் லீவு. முதலாளி முகம் சுளித்தார். பன்னிரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்றேன், அதோடு அடங்கினார். நான் இல்லாவிட்டால் மோட்டாருக்குக் காயில் கட்ட, அதாவது எரிந்த கம்பியை எடுத்துப் புதுக் கம்பி சுற்ற, ஆள் குறையும். குறையட்டும்.

ஏற்பாடெல்லாம் நங்கையாவுடையது. நங்கையா என்றால் இவருடைய அக்கா, ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர் வீடு. பத்திரிகையில் விளம்பரம் பார்த்துக் கேரளத்துப் பக்கம் கடற்கரையில் ஒரு வீட்டை நாலு நாளைக்கு எடுத்திருக்கிறார். சாயங்காலம் எதிர்த்த மளிகைக்கடைக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்த இவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதும் திரும்ப எடுத்துப் போடுவதுமாக இருந்தார். ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். நங்கையாவின் புதுச் சம்பந்தியம்மாவும் வருகிறார். பெரிய தறிக்காரர் குடும்பம். அவரிடம் நங்கையா என்னைப் பற்றி, வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறவள் என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

"பட்டறைல மோட்டார் கட்டறான்னு சொன்னா ஒரு மாதிரி நெனப்பாங்க மயிலா. நாலே நாளு. வாயத் தொறக்காம இரு."

இவர் மில்லில் டைம் கீப்பர். வெள்ளைச் சட்டை உத்தியோகம். அங்கேயும் நான் எங்கே வேலை செய்கிறேன் என்று இவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா என்ன.

ரவிக்கைக்கு ஹூக் வைக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் நான். ஆனாலும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கடல் பார்த்ததில்லை. அதனால்தான்.

மே 10, சனி. கடற்கரை வீடு

அண்ணாவின் அம்பாசிடரில் (அண்ணா = நங்கையாவின் வீட்டுக்காரர்) ஐந்து பேர். நான் நடுவில். மதியம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தோம்.

விளம்பரத்தில் சொன்னதும் இங்கே இருப்பதும்:

கடல் பார்த்த மாளிகை – ஐஸ் பாக்டரி பார்த்த வீடு.
காற்றோட்டமான அறைகள் – காற்று வருகிறது, கருவாட்டு நாற்றத்தோடு.
பஞ்சு மெத்தை – மூன்று. ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது.
சமையல்காரர் – மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.
எந்நேரமும் தண்ணீர் – வருகிறது. உப்பு. துருச்சிவப்பு.

இருப்பது ஒரு வாட்ச்மேன். பாதி தமிழ், பாதி மலையாளம். எதைக் கேட்டாலும் 'நாளைக்கு'.

கடல் எங்கே என்று கேட்டேன். மாடியைக் காட்டினார். ஏறினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நுனிக்காலில் நின்றால், ஐஸ் பாக்டரிக் கூரைக்கு மேல் ஒரு விரல் தடிமனுக்கு நீலம். அவ்வளவுதான் கடல். இதற்கா அந்தப் பொய்க்குச் சம்மதித்தேன் என்று வயிறு எரிந்தது.

சம்பந்தியம்மா (இனி ச. அம்மா): அறுபது இருக்கும். வெள்ளைக்கல் மூக்குத்தி. அதிகம் பேசுவதில்லை, பார்ப்பது அதிகம். என் விரலில் கம்பி கிழித்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, ஊசி குத்தியதா என்று விசாரித்தார். ஆமாங்க என்றேன். உடனே பெட்டியிலிருந்து ஒரு ரவிக்கை வெளியே வந்தது. கை பிடிக்கிறதாம். கொஞ்சம் பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

இவரைப் பார்த்தேன். இவர் ஐஸ் பாக்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 11, ஞாயிறு

நல்ல வெயில். விடிந்ததும் ரவிக்கை. இரண்டு கையையும் பிரித்தேன், தைத்தேன். முன்னைவிடச் சின்னதாகிவிட்டதோ என்று சந்தேகம். மடித்து அவர் பெட்டி மேல் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

எட்டு மணிக்குக் கிணற்று மோட்டார் நின்றுபோனது. சுவிட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரே முனகல், சுற்றவில்லை. அடுப்படியில் நின்ற எனக்குக் காதிலேயே தெரிந்துவிட்டது, கெபாசிட்டர் போய்விட்டது. மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடும் சின்ன டப்பா, மாற்ற ஐந்து நிமிடம். ஆனால் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். அண்ணா அணைக்கவில்லை. போட்டுப் போட்டுப் பார்க்கிறார். வாட்ச்மேன் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார்.

அணைங்க என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. காயில் எரிந்துபோனது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எரிந்திருக்காது. பன்னிரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவள், கண்ணெதிரே ஒரு மோட்டார் எரிவதைக் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மெக்கானிக் புதன்கிழமைதான் வருவாராம். நாங்கள் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம். வீட்டுச் சொந்தக்காரருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்று முறை போன். எடுக்கவில்லை.

கிணற்றில் கயிறு போட்டு இறைத்தோம். அண்ணாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சிறுவாணித் தண்ணீர் ஒரு கேன் காலி. யாரும் கடலுக்குப் போகவில்லை. ச. அம்மா குளிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை, அதுதான் நங்கையாவைக் கொல்கிறது.

மே 12, திங்கள்

எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது. பரவாயில்லை.

காலையில் தண்ணீர் இறைக்கப் போனால் கிணற்றுக்குப் பின்னால் நங்கையா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறார். நான்தானே இடம் பார்த்தேன், சம்பந்தி முன்னால் மானம் போச்சு, நாளைக்கு மகள் அந்த வீட்டில் என்ன பேச்செல்லாம் கேட்பாளோ என்று ஒரே புலம்பல். ஈரோட்டில் எங்கள் எல்லாரையும் அதட்டும் வாய் இது. எனக்குப் பாவமாகிவிட்டது.

மோட்டாரை நான் கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவில்லை, தானாக வந்தது. இவர் எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"பேசாம இரு மயிலா. நாளைக்கு ஊருக்குப் போயிரப் போறோம்."

"நேத்து நான் பேசாம இருந்துதானுங்க அது எரிஞ்சுது. இன்னைக்கும் என்னால முடியாதுங்க."

இருபது வருடத்தில் இவரிடம் இப்படிப் பேசியதில்லை. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடல் பக்கம் நடந்துவிட்டார். போகட்டும் என்று நினைத்தேன். ஆனாலும் தலை மறையும் வரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மோட்டாரைக் கழற்றினேன். கம்பித் தடிமன் விரலில் தேய்த்தாலே எனக்குத் தெரியும். டவுனில் வாங்க எழுதிய சீட்டு:

எனாமல் கம்பி (மாதிரித் துண்டு கட்டியிருக்கிறது)
காயில் பேப்பர், ஸ்லீவ், நாடா
வார்னிஷ், சின்ன டப்பா
கெபாசிட்டர் 1 (பழையதைக் காட்டிக் கேட்கவும்)

அண்ணாவிடம் நீட்டினால் நடுவில் ச. அம்மா வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார். மடித்து அண்ணாவிடம் கொடுத்தார். அண்ணா இடுப்பைப் பிடித்துக்கொண்டே காரை எடுத்தார்.

வராந்தாவில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். வாட்ச்மேனிடம் உளியும் சுத்தியலும் இருந்தன. எரிந்த காயிலை வெட்டி உருவி, எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும், புதிதும் அதே கணக்கு. எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்றேன். நங்கையாகூடப் பேசவில்லை! ச. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகவே இல்லை.

சாமான் வந்தது பதினொன்றரைக்கு. பலகையில் ஆணி அடித்து அச்சு செய்துகொண்டேன். புதுக் கம்பி சுற்றியிருக்கும் கட்டையை யாராவது விறைப்பாகப் பிடிக்க வேண்டும். நங்கையா பிடித்தால் தளர்கிறது, வாட்ச்மேன் பிடித்தால் அறுகிறது. அப்போதுதான் இவர் திரும்பி வந்தார். முழங்கால் வரை ஈர வேட்டி, காலெல்லாம் மணல். படியில் நின்றார்.

பிடிங்க என்று கட்டையை நீட்டினேன். காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு உட்கார்ந்து பிடித்தார். நான் சுற்றச் சுற்றத் தானாகவே வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். டைம் கீப்பர் அல்லவா, ஒரு சுற்று பிசகவில்லை.

காயிலை மோட்டாரின் பள்ளங்களில் இறக்கி, அசையாமலிருக்க மூங்கில் குச்சி அடித்து, முனை இணைத்து, வார்னிஷ் ஊற்றி, மாடி வெயிலில் இரண்டு மணி நேரம். வார்னிஷ் காயும் வரை சாப்பாடு. மாங்காய்ச் சாதம், நன்றாக இருந்தது.

நாலே முக்காலுக்கு மாட்டினோம். பம்பில் தண்ணீர் ஊற்றினேன். சுவிட்சை நானே போடுவேன் என்றேன். போட்டேன். ஓடியது. முனகல் இல்லை, உதறல் இல்லை. குழாய் இரண்டு முறை இருமியது, பிறகு மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். நங்கையா வீடு முழுக்க ஓடி எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார், மூடச் சொல்லிக் கத்த வேண்டியதாகிவிட்டது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடவில்லை, முழங்கால் பிடித்திருந்தது.

ச. அம்மா கிட்ட வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"எனக்குத் தையல் தெரியாதுங்க. மோட்டார் பட்டறைல வேலைங்க. பன்னெண்டு வருசமா இதான் பொழப்புங்க."

"ரவிக்கையப் போட்டுப் பார்த்தப்பவே தெரிஞ்சுதுங்க அம்மணி. கையே உள்ள போகலீங்க."

முதலில் சிரித்தது நங்கையாதான். அழுது வீங்கிய கண்ணோடு அப்படி ஒரு சிரிப்பு. அண்ணா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. மிச்சக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மே 13, செவ்வாய்

காலையில் கடல். எல்லாருமே போனோம்.

எவ்வளவு இரைச்சல்! காலடி மணல் உருவிக்கொண்டு போகிறது. முதலில் முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை போனேன். அலை ஒன்று முகத்தில் அறைந்தது. கண்ணெல்லாம் உப்பு. புதுச்சேலை போச்சு, போகட்டும். ச. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நேற்று மோட்டார் ஓடியதும்தான் தலைக்குக் குளித்தவர், இன்று கடலிலும் முழுகிவிட்டார்.

கிளம்பும் நேரம் ஐஸ் பாக்டரிக்காரர் ஒருவர் வந்து, அங்கேயும் ஒரு மோட்டார் படுத்திருக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார். 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். வாட்ச்மேனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பாலக்காட்டில் இவர் டீ வாங்கிக் கொடுத்தார். கிளாசை நீட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 14, புதன். கணபதி

பட்டறை. முதலாளி வேலையைக் குவித்து வைத்திருக்கிறார். அரிசி தீர்ந்துவிட்டது. வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. கோபமா? கேட்டால் இல்லை என்பார். ஊரெல்லாம் ஒத்துக்கொண்டாலும் இவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எதுவோ குறைகிறது. இதை இவரிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம்.

மே 17, சனி

சாரல். பட்டறை அரைநாள்.

லாரி ஆபீசிலிருந்து ஆள் வந்தார். ஈரோட்டிலிருந்து பார்சல், என் பெயருக்கு! இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். இரண்டு தறி மோட்டார், சாக்கில் கட்டி. கூடவே ச. அம்மா எழுதிய சீட்டு: இவை எரிந்து ஒரு மாதமாகக் கிடக்கின்றன, சௌகரியப்பட்டால் கட்டிக் கொடுங்கள், எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். அவ்வளவே.

இவர் வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மோட்டார் இரண்டையும் கேரியரில் வைத்துக் கயிறு கட்டி இவரே தள்ளினார். சந்து வழி ஒன்று இருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். இவர் அதில் திரும்பவில்லை. மெயின் ரோட்டிலேயே போனார். டீக்கடையில் மில்காரர்கள் ஏழெட்டுப் பேர், சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தவர்கள். ஒருவர், என்னங்க டைம் கீப்பரே, மோட்டார் தூக்கிட்டு எங்கே என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

"என்ற சம்சாரத்துக்கு வந்த வேலைங்க. இவ மோட்டார் கட்டறவ. ஈரோட்டுல அத்தன பட்டறை இருக்குது, இவ கட்டுனாத்தான் ஆச்சுன்னு அனுப்பியிருக்காங்க."

டீக்கடை முழுக்கக் கேட்டது. சீட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும்.